எக்ஸ்ரேயில் ஒரு கறுப்புக் கோடு

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் தெருப்பையன்களுக்குப் பிடித்த ஒரு விளையாட்டு இருந்தது. ஓடுகிற குதிரை வண்டியைத் துரத்திப்போய்ப் பின்னால் தொற்றிக்கொள்வார்கள். பிடி நழுவினால் கால் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே போய்ச் சிக்கும். சுழற்சியின் வேகத்தில் முட்டி, மடங்கக்கூடாத திசையில் மடங்கும். தொடை எலும்பின் கீழ்முனை முழுதாகக் கழன்று முன்பக்கம் நகர்ந்துவிடும். முனையிழந்த தண்டு பின்னால் குத்தி, முட்டிக்குப் பின்னே ஓடும் ரத்தக்குழாயை நெரிக்கும். ரத்தம் போகாத கால் அழுகும். காலை எடுப்பதைத் தவிர அன்றைய அறுவை மருத்துவர்களுக்குப் பெரும்பாலும் வேறு வழி இருக்கவில்லை. அப்படி எடுத்தும் பிழைக்காத பையன்கள் உண்டு. மருத்துவ நூல்களில் இதற்கு ‘வண்டிச்சக்கரக் காயம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதே விபத்து வண்டிக்காரருக்கு நேர்ந்தால் எலும்பு உடையும், இல்லையென்றால் மூட்டின் தசைநார் அறும். முனை மட்டும் தனியாகக் கழலாது. அதற்கு வளர்கிற உடம்பு வேண்டும். குழந்தையின் நீண்ட எலும்பில் தண்டுக்கும் முனைக்கும் நடுவே குருத்தெலும்பாலான ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. அதன் செல்கள் காசுகளை அடுக்கியதுபோல் பத்தி பத்தியாக நிற்கும். முனைப்பக்கம் புதிய செல்கள் பிறக்க, தண்டுப்பக்கம் உள்ளவை பருத்து, சுண்ணாம்பேறி, எலும்பாகும். உயரம் கூடுவது இப்படித்தான். பருத்துப்போன செல்கள் நிற்கும் அடுக்குதான் தட்டில் பலவீனமான இடம். சுற்றியுள்ள தசைநார் அதைவிட உறுதியானது. ஆகவே பெரியவருக்குச் சுளுக்கோடு போகிற அடி, குழந்தைக்குத் தட்டில் இறங்கிவிடுகிறது. பதின்ம வயதின் நடுவிலிருந்து தட்டுகள் ஒவ்வொன்றாக எலும்பாகி மூடிக்கொள்ளும். பெண்களுக்குச் சற்று முன்னதாக, ஆண்களுக்குப் பின்னதாக.

எலும்பு முனையில்தான் வளர்கிறது என்பதைக் காட்டியவர் ஒரு பாதிரியார். லண்டனை அடுத்த டெடிங்டனில் ஊழியம் செய்த ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு கோழிக்குஞ்சின் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு துளைகள் போட்டார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது எலும்பு ஓர் அங்குலம் நீண்டிருந்தது. துளைகளுக்கு இடையே மட்டும் அதே அரை அங்குலம். தண்டு நடுவில் இழுபட்டு வளரவில்லை, முனைகளில் சேர்ந்து வளர்ந்திருக்கிறது. 1727-இல் வெளியான அவருடைய நூலின் பெரும்பகுதி செடிகளில் நீரேறுவதைப் பற்றியது. கோழி அதில் போகிறபோக்கில் வருகிறது. அதே நூற்றாண்டில் பிரான்சில் துஹமேலும் லண்டனில் ஜான் ஹன்ட்டரும் வேறு விலங்குகளில் செய்து பார்த்து இதையே கண்டார்கள்.

ஆனால் உயிரோடு இருக்கும் குழந்தையின் காலுக்குள் தட்டு என்ன ஆயிற்று என்று பார்க்க வழியில்லை. விரல்களால் தடவி, முனை அசைகிறதா, உரசல் மென்மையாக இருக்கிறதா கரகரப்பாக இருக்கிறதா என்று கைப்பழக்கத்தில் சொல்ல வேண்டியிருந்தது. மீதி அறிவு வெட்டி எடுத்த கால்களிலிருந்தும் பிரேதங்களிலிருந்தும் வந்தது. பாரிஸில் ஃபூஷே என்ற மருத்துவர் குழந்தைகளின் சடலங்களில் முனைகளைப் பிரித்துப் பார்த்து 1863-இல் வகைப்படுத்தினார். லண்டனில் ஜான் போலண்ட் என்ற அறுவை மருத்துவர் அருங்காட்சியகக் குப்பிகளில் கிடந்த எலும்புகளையும் பழைய நோயாளிக் குறிப்புகளையும் தேடித் தேடித் தொகுத்தார்.

அவர் தொகுத்துக்கொண்டிருந்தபோதே காலம் மாறியது. 1895 நவம்பர் 8-ஆம் தேதி ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். டிசம்பரில் மனைவியின் கையைப் படம் பிடித்தார். ஓரிரு மாதங்களில் உலகத்தின் பல நகரங்களில் உடைந்த எலும்புகள் படமாகத் தொடங்கிவிட்டன. போலண்டின் தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நூல் 1898-இல் வெளிவந்தது. அதில் குப்பி எலும்புகளுக்குப் பக்கத்தில் எக்ஸ்ரே படங்களும் இடம் பிடித்தன. அதே ஆண்டு அவர் இன்னொரு சிறிய புத்தகமும் போட்டார். வயதுவாரியாகக் குழந்தைகளின் கை, மணிக்கட்டு எக்ஸ்ரேக்கள் கொண்ட படத்தொகுப்பு அது. காரணம் இருந்தது. எது இயல்பு என்று தெரிந்தால்தானே எது உடைவு என்று சொல்ல முடியும்?

குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. கதிர் அதைத் தடையின்றிக் கடந்துவிடும். தட்டு இருக்கும் இடத்தில் படத்தில் விழுவது ஒரு கறுப்புக் கோடு மட்டும். எலும்பு விரிசலும் அதே கறுப்புக் கோடுதான். இந்தக் குழப்பத்திலிருந்துதான் குழந்தை எக்ஸ்ரேயைப் படிக்கும் கலை பிறந்தது. அடிபடாத மறுகையையும் படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கமும் அப்படி வந்ததே.

முழங்கையை எடுத்துக்கொண்டால் இந்தக் கலையின் நுணுக்கம் புரியும். ஒரு குழந்தையின் முழங்கையில் ஆறு எலும்பு மையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். முதல் பிறந்தநாளையொட்டி மேற்கை எலும்பின் வெளிப்பக்கக் குமிழ் தெரியும். பிறகு ஆரை எலும்பின் தலை, அதன்பின் மேற்கை எலும்பின் உட்பக்க மேடு, அடுத்து உட்பக்க உருளை, பின்னர் முழங்கை நுனி, கடைசியாகப் பதினொன்று பன்னிரண்டு வயதில் வெளிப்பக்க மேடு. வயது முன்பின் ஆகலாம், வரிசை அநேகமாக மாறாது. இப்போது மரத்திலிருந்து விழுந்த ஒரு பிள்ளையின் படம் வருகிறது. உருளை இருக்கும் இடத்தில் ஒரு சிறு எலும்புத் துண்டு தெரிகிறது. உட்பக்க மேடு அதன் இடத்தில் இல்லை. வரிசைப்படி மேடு முதலில் வந்திருக்க வேண்டும். வராமல் உருளை எப்படி வரும்? அது உருளை அல்ல. தட்டோடு பிய்ந்த மேடு மூட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. வரிசை மனப்பாடம் இல்லாத மருத்துவர் இதை ‘எல்லாம் சரி’ என்று எழுதி அனுப்பிவிடுவார். அந்த முழங்கை அப்புறம் முழுதாக நீளாது, மடங்காது.

தட்டைப் பார்க்க வந்த கதிரே தட்டை நிறுத்தவும் வல்லது என்பது சீக்கிரமே வெளிப்பட்டது. இடுப்பு மூட்டு நோய் ஒன்றுக்குப் பெயர் தந்த ஜெர்மானியர் கேயோர்க் பெர்த்தஸ், 1903-இல் கோழிக்குஞ்சின் ஒரு சிறகில் மட்டும் எக்ஸ் கதிரைச் செலுத்தினார். அந்தச் சிறகு வளர்ச்சியில் பின்தங்கியது. (எலும்பு வளர்ச்சியின் சரித்திரத்தில் கோழிகள் பட்ட பாட்டுக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.) சாதாரண எக்ஸ்ரேயில் விழும் கதிர் அதோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. ஆனாலும் குழந்தைக்கு வேண்டியதற்குமேல் ஒரு படம்கூட எடுக்காதே என்ற எச்சரிக்கைக்கு வேர் இங்கேதான்.

1920-களில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஹென்றி ஆல்பர்ட் ஹாரிஸ் என்ற உடற்கூறியலாளர், குழந்தைகளின் எக்ஸ்ரேயில் தண்டுக்குக் குறுக்கே ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடுகளைக் கவனித்து எழுதினார். கடும் காய்ச்சலோ பட்டினியோ காயமோ வந்தால் தட்டு சில காலம் வேலையை மந்தமாக்கும். மறுபடி சுறுசுறுப்பாகும்போது அந்த நிறுத்தத்தின் தடம் எலும்பில் ஒரு கோடாக விழுந்துவிடும். தட்டு மேலும் வளர வளரக் கோடு அதைவிட்டு விலகிப்போகும். புதைகுழி எலும்புகளில் பஞ்சகாலத்தைத் தேடும் தொல்லியலாளர்களுக்கும் இந்தக் கோடுகள் பயன்பட்டன. அறுவை மருத்துவர்களுக்கோ இதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை. தட்டு முறிந்து சில மாதங்கள் ஆன பிறகு எடுக்கும் படத்தில் ஹாரிஸ் கோடு தட்டுக்கு இணையாக, எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் ஓடினால் தட்டு முழுக்க வளர்கிறது என்று பொருள். கோடு சாய்ந்து ஓரிடத்தில் தட்டோடு போய் ஒட்டினால், அந்த இடத்தில் எலும்பு ஒரு பாலம் போட்டுத் தட்டைக் கட்டிவிட்டது. பாலம் ஓரத்தில் இருந்தால் மறுபக்கம் மட்டும் வளர்ந்து கால் கோணலாகும். நடுவே பெரிதாக இருந்தால் கால் குட்டையாகும். விபத்து நடந்த அன்று எடுத்த படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இதைச் சொல்லாது. சொல்வது இரண்டாவது, மூன்றாவது படங்கள்தான். தட்டுக் காயத்தின் படவியலில் காலம்தான் முக்கியக் கருவி என்பதை எந்தப் புதிய எந்திரமும் இன்றுவரை பொய்யாக்கவில்லை.

சரி, கால் குட்டையாகும் என்று தெரிந்தால் என்ன செய்வது? 1933-இல் சிகாகோவின் டல்லஸ் ஃபெமிஸ்டர் ஒரு துணிச்சலான யோசனையைச் சொன்னார்: நல்ல காலின் தட்டையும் சரியான நேரத்தில் மூடிவிடு, இரண்டும் சமமாகிவிடும். சரியான நேரம் எது என்பதற்கு, பிள்ளைக்கு இன்னும் எத்தனை ஆண்டு வளர்ச்சி மிச்சம் என்று தெரிய வேண்டும். கிளீவ்லாந்தில் டி. விங்கேட் டாட் தொடங்கிய ஆய்வில் ஆண்டாண்டாகப் படமெடுக்கப்பட்ட பிள்ளைகளின் கை எக்ஸ்ரேக்கள் அதற்கு உதவின. அவற்றிலிருந்து கிரூலிக்கும் பைலும் 1950-இல் வெளியிட்ட படத்தொகுப்பு இன்றைக்கும் கதிரியல் அறைகளில் புரட்டப்படுகிறது. அவை பெரும்பாலும் வசதியான வெள்ளைக் குடும்பப் பிள்ளைகளின் கைகள் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. ஏனென்றால் அதே முறை வேறு காரியங்களுக்கும் போய்விட்டது. பிறப்புச் சான்று இல்லாதவரின் வயதை நிர்ணயிக்க இந்திய நீதிமன்றங்கள் எக்ஸ்ரேயை நாடுகின்றன. அந்தக் கணக்கு இரண்டு ஆண்டு முன்னேயோ பின்னேயோ போகலாம் என்று 1982-லேயே ஜெயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

1963-ஆம் ஆண்டுக்கு வருவோம். கனடாவின் டொரன்டோவில் குழந்தைகள் மருத்துவமனையின் ராபர்ட் சால்டரும் ராபர்ட் ஹாரிஸும் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். இந்த ஹாரிஸ் வேறு, கோடுகளுக்குப் பெயர் தந்தவர் வேறு. குழப்பிக்கொள்ளாத மாணவர் இல்லை. தட்டுக் காயத்தை அவர்கள் ஐந்தாகப் பிரித்தார்கள். முனை தட்டோடு வழுக்குவது முதல் வகை. முறிவு தட்டு வழியே போய்த் தண்டின் ஒரு மூலையைக் கொத்திக்கொண்டு வெளியேறுவது இரண்டாவது. அது முனையைப் பிளந்து மூட்டுக்குள் இறங்குவது மூன்றாவது. தண்டு, தட்டு, முனை மூன்றையும் வெட்டிக்கொண்டு போவது நான்காவது. தட்டு நசுங்குவது ஐந்தாவது. சால்டர் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளையே ‘ஸ்லிப்ட், அபவ், லோயர், த்ரூ, ராம்ட்’ என்று விரித்து மனப்பாடம் செய்யாத எலும்பு மருத்துவர் அரிது.

உண்மையைச் சொன்னால் முதல் மூன்று வகைகள் 1898-இல் போலண்டின் நூலிலேயே இருக்கின்றன. நான்காவது, பாஸ்டனின் ஐட்கன் 1930-களில் சொன்னது. புதிதாகச் சேர்ந்தது ஐந்தாவது மட்டுமே. ஆனாலும் பெயர் டொரன்டோக்காரர்களுக்குப் போனது நியாயமாகவே படுகிறது. முன்னவர்கள் முறிவின் வடிவத்தைச் சொன்னார்கள்; இவர்கள் அதோடு பிள்ளையின் எதிர்காலத்தையும் சொன்னார்கள். முதல் இரண்டு வகைகளில் தட்டின் பிறப்பு அடுக்கும் அதன் ரத்த ஓட்டமும் பெரும்பாலும் முனையோடு பத்திரமாகப் போய்விடும். மாவுக்கட்டு போட்டால் அநேகமாகத் தேறிவிடும். நான்காவதில் துண்டுகள் ஒரு மயிரிழை பிசகிப் பொருந்தினாலும் தண்டு எலும்பும் முனை எலும்பும் ஒட்டிப் பாலம் விழும். ஆகவே திறந்து நேராக்க வேண்டும். ரத்த ஓட்டம்தான் தலைவிதி என்பதை ஹாரிஸ் 1958-லேயே டேல் என்பவருடன் செய்த விலங்குச் சோதனையில் கண்டிருந்தார். தொடை எலும்பின் மேல்முனை போலச் சுற்றிலும் குருத்தெலும்பு மூடிய முனைகளில் ரத்தக்குழாய் தட்டின் விளிம்பை ஒட்டியே போகிறது. அங்கே முனை வழுக்கினால் குழாயும் அறுந்துவிடும்.

ஐந்தாவது வகை மட்டும் ஒரு விசித்திரப் பிராணி. விபத்தன்று எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காது. ஓராண்டு கழித்துக் கணுக்கால் கோணலாகும்போதுதான் ‘அன்று தட்டு நசுங்கியிருக்க வேண்டும்’ என்று பின்னோக்கிச் சொல்வார்கள். இப்படி ஒரு காயம் உண்மையிலேயே உண்டா, வெறும் கற்பனையா என்று 1981-இல் பீட்டர்சனும் பர்க்கார்ட்டும் நேராகவே கேட்டார்கள். நசுங்கியதால்தான் நின்றது என்று காட்டப் போதிய சான்று இல்லை என்பது அவர்கள் வாதம். மேயோ கிளினிக்கைச் சேர்ந்த அந்தப் பீட்டர்சன், மினசோட்டாவின் ஓம்ஸ்டெட் மாவட்டத்தில் 1979 முதல் 1988 வரை நேர்ந்த 951 தட்டு முறிவுகளைச் சலித்து எடுத்துத் தன் சொந்த வகைப்பாட்டையும் செய்தார். கை விரல்களில்தான் அதிக முறிவுகள். அவர் வகைப்பாடு நுணுக்கமானது. ஆனால் நள்ளிரவில் வார்டிலிருந்து போன் செய்யும் பயிற்சி மருத்துவர் இன்றும் ‘சால்டர் ஹாரிஸ் டூ’ என்றுதான் சொல்கிறார்.

ஒரே அடியில் உடைவது ஒரு பக்கம் இருக்க, ஆயிரம் சிறு இழுப்புகளில் சோர்ந்துபோகும் தட்டும் உண்டு. பேஸ்பால் பந்து வீசும் பையன்களின் தோள்பட்டை எக்ஸ்ரேயில் கறுப்புக் கோடு வழக்கத்தைவிட அகன்றிருப்பதை 1953-இல் எழுதியவர் அமெரிக்காவின் சார்லஸ் டாட்டர். பின்னாளில் அடைபட்ட ரத்தக்குழாயைக் குழாய் செலுத்தித் திறந்து உலகப் புகழ் பெற்ற அதே டாட்டர்தான். 1985-இல் ஜிம்னாஸ்டிக் சிறுமிகளின் மணிக்கட்டில் இதே அகலம் பதிவானது. கைகளை ஊன்றிக் கரணமடிப்பவர்களுக்கு மணிக்கட்டும் பாதத்தின் வேலையைச் செய்கிறதல்லவா? மருந்து ஒன்றுதான், ஓய்வு. பயிற்சியாளர்கள் கேட்க விரும்பாத மருந்து.

கணுக்காலில் எக்ஸ்ரே எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம், 1972-இல் லின் ‘மூன்று தள முறிவு’ என்று பெயரிட்டது. கெண்டைக்கால் எலும்பின் கீழ்த்தட்டு ஒரே நாளில் மூடுவதில்லை. முதலில் நடு, பிறகு உட்பக்கம், கடைசியில் வெளிப்பக்கம் என்று ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொள்ளும். பதின்மூன்று, பதினான்கு வயதில் பாதத்தைத் திருகிக்கொண்டு விழும் பிள்ளைக்கு மூடாத பகுதி வழியே முறிவு வளைந்து வளைந்து போகும். முன்னிருந்து எடுத்த படத்தில் அது மூன்றாவது வகை போலவும், பக்கவாட்டுப் படத்தில் இரண்டாவது வகை போலவும் தெரியும். இரண்டு படமும் பொய் சொல்லவில்லை, ஆனால் இரண்டும் பாதிதான் சொல்கின்றன. 1971-இல் கோட்ஃப்ரி ஹௌன்ஸ்ஃபீல்டின் எந்திரம் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்த பிறகு வந்த சி.டி. ஸ்கேன் யுகத்தில்தான் இந்த முறிவின் முழு உருவம் கண்ணுக்கு வந்தது.

பாலம் விழுந்துவிட்டால் அதை வெட்டி எடுக்கலாமா? ஹெல்சிங்கியில் ஆண்டர்ஸ் லாங்கன்ஷெல்ட் செய்து காட்டி 1967-இல் எழுதினார். பாலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி எலும்பு வளராதபடி அந்தக் குழியில் பிள்ளையின் சொந்தக் கொழுப்பையே வைத்து அடைத்தார். இதற்குப் பாலம் எங்கே, எவ்வளவு பெரிது என்று துல்லியமான வரைபடம் வேண்டும். 1984-இல் கார்ல்சனும் வெங்கரும் அடுக்கடுக்காக எடுத்த எக்ஸ்ரே படங்களிலிருந்து அதை வரைபடத் தாளில் புள்ளி வைத்து வரையும் முறையைச் சொன்னார்கள். தட்டில் பாதிக்குமேல் பாலமாகிவிட்டாலோ, இரண்டு ஆண்டு வளர்ச்சிகூட மிச்சம் இல்லையென்றாலோ பொதுவாக அதில் கை வைப்பதில்லை.

இந்த வம்பெல்லாம் அதிகம் வருவது லண்டன் பையன்களின் அதே இடத்தில். தொடை எலும்பின் நீளத்தில் சுமார் 70 சதவீதம் அதன் கீழ்த்தட்டு தருவது. அந்தத் தட்டு சமதளமும் அல்ல, மேடு பள்ளமாக இருக்கும். முறிவு ஒரே அடுக்கில் ஓட முடியாமல் பிறப்பு அடுக்கையும் கீறிக்கொண்டு போகிறது. பல ஆய்வுகளிலிருந்து இத்தகைய 564 முறிவுகளைத் திரட்டிய 2009-ஆம் ஆண்டின் கணக்கில் 52 சதவீதத்தில் வளர்ச்சி ஏதோ ஒரு விதத்தில் குலைந்திருந்தது. மற்ற இடங்களில் சாதுவான இரண்டாவது வகைகூட இங்கே நம்பத்தக்கதல்ல.

குருத்தெலும்பையே நேரில் பார்க்கும் நாள் எம்.ஆர்.ஐ.யோடு வந்தது. எக்ஸ்ரேயில் கறுப்பாக, வெறுமையாக இருந்த கோடு, கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் பளிச்சென்று வெண்பட்டையாக எழுந்து நிற்கிறது. பட்டை அறுபடும் இடத்தில் பாலம். 1990-இல் பாஸ்டனில் டியேகோ ஜரமியோ குழுவினர் முயல்களின் தட்டைக் காயப்படுத்திப் பாலம் உருவாவதை எம்.ஆர்.ஐ.யில் தொடர்ந்து பார்த்துப் பதிவு செய்தார்கள். கதிர்வீச்சு இல்லை என்பது கூடுதல் லாபம். செலவும், அசையாமல் கிடக்க மறுக்கும் சின்னப் பிள்ளைக்கு மயக்கம் கொடுக்க வேண்டியிருப்பதும் அதன் நஷ்டம்.

எம்.ஆர்.ஐ. பழைய நம்பிக்கை ஒன்றையும் ஆட்டிவிட்டது. கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்கி, தட்டு இருக்கும் இடத்தில் தொட்டால் வலித்து, எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் அதை முதல் வகைத் தட்டு முறிவு என்று வைத்துக்கொண்டு மாவுக்கட்டு போடுவது பல பத்தாண்டு வழக்கம். குழந்தையின் தட்டு தசைநாரைவிடப் பலவீனமானது என்ற பாடம்தான் அதற்கு ஆதாரம். சால்டர் பணியாற்றிய அதே டொரன்டோ மருத்துவமனையின் கேத்தி பூட்டிஸ் குழுவினர் அப்படிப்பட்ட 135 பிள்ளைகளை எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினார்கள். 2016-இல் முடிவு வெளியானது. தட்டு முறிவு இருந்தது நான்கு பேருக்கு. அந்த நான்கில் இரண்டு தட்டின் ஒரு பகுதியைத்தான் தொட்டிருந்தன. 108 பேருக்கு இருந்தது தசைநார்க் காயம், அதாவது பெரியவர்களுக்கு வருகிற அதே சுளுக்கு. இதே மாதிரி லேசான கணுக்கால் காயங்களுக்குக் கழற்றி மாட்டும் பட்டையே மாவுக்கட்டைவிட மேல் என்று பூட்டிஸ் 2007-இல் ஒரு சோதனையில் காட்டியிருந்தார். இரண்டும் சேர்ந்து அந்த ஒரு இடத்தில் மருத்துவர்களின் கையை மாற்றத் தொடங்கின. முட்டியில் அடிபட்ட பிள்ளைக்கு மட்டும் விதி பழையதுதான். ஹாரிஸ் கோடு தட்டுக்கு இணையாக ஓடுகிறதா என்று உறுதியாகும்வரை அவன் சில மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே அறைக்கு வந்தாக வேண்டும்.